கூப்பிய கைக்குப் பின்னால்: தலைவர்களிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய குணம்



நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்து நிற்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. நெல் ஏற்றிய சரக்கு ரயில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும். தஞ்சாவூர் பக்கம் ஒரு வரிசை, திருவாரூர் பக்கம் ஒரு வரிசை என்று வண்டிகள் நீண்டுகொண்டே போகும். பள்ளிக்கூட வேன், கறவை மாடு ஏற்றிய மினி லாரி, பிரசவத்துக்குப் போகிற ஆட்டோ எல்லாம் ஒரே வரிசைதான். கேட் ஆள் பார்த்துத் திறப்பதில்லை.

ஒருநாள் அந்த வரிசையில் நாங்களும் நின்றோம். பின்னாலிருந்து கொடி கட்டிய கார் ஒன்று வந்தது. நிற்கவில்லை. எதிர்ப்பக்கத்துப் பாதையில் ஏறி, எல்லோரையும் தாண்டி, கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. அதைப் பார்த்து இன்னும் நாலு வண்டிகள் பின்தொடர்ந்தன. கேட் திறந்ததும் இரண்டு பக்கத்து வண்டிகளும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு, கால் மணி நேரம் யாராலும் நகர முடியவில்லை. காருக்குள் இருந்தவர் கண்ணாடியை இறக்கவே இல்லை.

சில மாதங்கள் கழித்துத் தேர்தல் வந்தது. அதே மனிதர் எங்கள் தெருவில் நடந்து வந்தார். வாசலில் நின்ற பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார். பெண்களைப் பார்த்துத் தலைக்கு மேல் கை கூப்பினார். "எவ்வளவு பணிவான மனுஷன் பாருங்க" என்று எங்களில் ஒருவரே சொன்னார்.

கூப்பிய கையை நம்புவதா, ரயில்வே கேட்டில் கண்டதை நம்புவதா? இந்தப் பாடத்தில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இதை எழுதவில்லை. வாக்களிக்கும் குடிமக்கள் என்ற முறையில், தலைவர்களிடம் என்ன குணத்தை எதிர்பார்ப்பது, அது இருக்கிறதா என்று எப்படிக் கண்டுகொள்வது, அந்தக் குணம் வளரவோ கெடவோ நாம் எந்த அளவுக்குக் காரணமாகிறோம் என்பதே நம் அக்கறை.

பதவி ஓர் அமானிதம்

ஒருவர் நம்மிடம் பொருளை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். அதைப் பாதுகாக்கலாம். ஆனால் அது நம்முடையது ஆகிவிடாது. கேட்கும்போது குறைவில்லாமல் திருப்பித் தர வேண்டும். இதைத்தான் அமானிதம் என்கிறோம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஆட்சிப் பொறுப்பும் அதில் அடங்கும் என்று விளக்கவுரை எழுதிய அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள்.

அபூதர் (ரலி) அவர்கள் பக்தியிலும் உண்மை பேசுவதிலும் யாருக்கும் குறைந்தவரல்லர். அவர் தமக்கு ஒரு பொறுப்பைத் தரும்படி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அவர்கள் தரவில்லை. நீர் இதற்குப் பலமில்லாதவர், இது அமானிதம், உரிய முறையில் நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இது இழிவாகவும் வருத்தமாகவும் முடியும் என்ற கருத்தில் அறிவுரை சொன்னார்கள். இதிலிருந்து நாம் கற்பது இரண்டு. ஒன்று, பதவி என்பது பரிசு அல்ல, சுமை. இரண்டு, நல்லவராக இருப்பது மட்டும் போதாது, திறமையும் வேண்டும். மூஸா நபி (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தந்தையிடம் பரிந்துரைத்த மத்யன் ஊர்ப் பெண்ணும், வலிமை, நம்பகம் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார் என்பதைக் குர்ஆனில் படிக்கிறோம். எனவே "ஏழை மாதிரி உடுத்துகிறார், அதனால் நல்ல தலைவர்" என்று முடிவுகட்டுவதும் தவறு. மதகு எப்போது திறக்க வேண்டும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏன் தேங்குகிறது என்று தெரியாதவரின் எளிமையால் விவசாயிக்குப் பயனில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. அமைச்சராகிறவர் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறுதிமொழியை எடுக்கிறார். அச்சம், சலுகை, விருப்பு, வெறுப்பு இல்லாமல் எல்லா மக்களுக்கும் நேர்மை செய்வதாக அதில் வாக்குக் கொடுக்கிறார். தனக்கு ஓட்டுப் போட்டவர், போடாதவர் என்ற பிரிவு அந்த உறுதிமொழியில் கிடையாது.

நம் மாவட்டத்தின் பெயராக இருந்தவர்

வயதில் மூத்தவர்களுக்கு ஒரு செய்தி நினைவிருக்கலாம். 1991-இல் தஞ்சாவூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது நாகப்பட்டினத்தைத் தலைநகராகக் கொண்டு அமைந்த புதிய மாவட்டத்துக்கு நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயர். 1997-இல் திருவாரூர் மாவட்டம் உருவாகும்வரை நம் நீடாமங்கலமும் அந்தப் பெயருக்குள்தான் இருந்தது. அப்போது முகவரியில் அந்தப் பெயரை எழுதிய பலருக்கு அவர் யார் என்று தெரியாது. இப்போதைய பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே தெரியாது.

முஹம்மது இஸ்மாயில் சாஹிப் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1946 முதல் 1952 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். மாநிலங்களவையிலும் மக்களவையிலும் பணியாற்றி 1972 ஏப்ரல் 5 அன்று காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் அரசியல் செய்த காலத்தை எண்ணிப் பாருங்கள். நாடு பிரிந்து, வடக்கே ரத்த ஆறு ஓடி முடிந்த நேரம். முஸ்லிம் லீக் என்ற பெயரைச் சொன்னாலே சந்தேகத்தோடு பார்த்தார்கள். அந்த நேரத்தில், 1948 மார்ச் 10 அன்று, சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் தொடங்கியது. அதன் தலைமை அவரிடம் வந்தது. கலைத்துவிடுங்கள் என்று அறிவுரை சொன்னவர்கள் இருந்தார்கள், ஏசியவர்களும் இருந்தார்கள். அவர் ஏசியவர்களைத் திருப்பி ஏசியதாக எந்த எதிரியும் சொன்னதில்லை. அதே சமயம் தம் நிலையிலிருந்து இறங்கியதும் இல்லை. ஆட்சிமொழி பற்றிய விவாதம் 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நடந்தபோது, பழமையும் இலக்கிய வளமும் உள்ள தமிழுக்கு அந்தத் தகுதி உண்டு என்று எழுந்து பேசினார். பெரும்பான்மையோர் தமக்கு எதிரே அமர்ந்திருக்கும் அவையில், குரலை உயர்த்தாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் விடாமல் பேசுவது எளிதல்ல.

இங்கே பணிவு பற்றிய ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். வளைந்து கொடுப்பதும் மேலிடத்துக்குத் தலையாட்டுவதும் பணிவு ஆகிவிடாது. கொள்கையில் உறுதியாகவும் பேச்சில் கண்ணியமாகவும் இருப்பதுதான் பணிவு. அதனால்தான் அவருக்குக் கண்ணியத்திற்குரிய என்ற அடைமொழி மாற்றுக்கட்சியினர் வாயிலும் நிலைத்தது. கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி 1962, 1967, 1971 என்று மூன்று முறை அவரை மக்களவைக்கு அனுப்பியது. மலையாளம் பேசும் ஊர் மக்கள் திருநெல்வேலித் தமிழர் ஒருவரை மும்முறை தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அவர்கள் பார்த்தது மொழியை அல்ல, குணத்தைத்தான்.

குணத்தை உரசிப் பார்க்க ஐந்து இடங்கள்

தங்கத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதுபோல், தலைவரின் குணத்தையும் சில இடங்களில் தேய்த்துப் பார்க்கலாம். மேடைப் பேச்சில் அது தெரியாது. கீழ்க்கண்ட ஐந்து இடங்களில் தெரியும்.

1. கேள்வி கேட்கும்போது

அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்றதும் ஆற்றிய முதல் உரையின் சாரம் இது: நான் உங்களில் சிறந்தவன் அல்லன், ஆனாலும் என் மீது இந்தப் பொறுப்பு வந்திருக்கிறது, நல்லது செய்தால் துணை நில்லுங்கள், தவறினால் திருத்துங்கள். பதவியேற்ற அன்றே தம்மைத் திருத்தும் உரிமையை மக்களிடம் கொடுத்தார்கள்.

அடுத்து வந்த உமர் (ரலி) காலத்தில் நடந்ததாக நம் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பொதுச் சொத்தாக வந்த துணி ஆளுக்கு ஒன்றாகப் பங்கிடப்பட்டது. உயரமான உமர் அவர்களின் உடைக்கு ஒரு துணி போதாதே, எப்படி முழு அங்கி அணிந்திருக்கிறீர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். அதற்கு விடை கிடைக்கும்வரை உங்கள் பேச்சைக் கேட்க மாட்டோம் என்றும் சொன்னார். கேட்டவரை யாரும் வெளியே இழுத்துப் போகவில்லை. மகன் அப்துல்லாஹ் எழுந்து, என் பங்கைத் தந்தைக்குக் கொடுத்தேன் என்று விளக்கினார். இப்போது பேசுங்கள், கேட்கிறோம் என்றார் அந்த மனிதர்.

நம் பகுதியில் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் கணக்குக் கேட்டுப் பாருங்கள். பதில் வருகிறதா, "நீ எந்தக் கட்சி?" என்ற கேள்வி வருகிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

2. எதிரியை நடத்தும்போது

1954-இல் சென்னை மாகாண முதலமைச்சர் பதவிக்கான கட்சித் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பக்கம் நின்றவர் பக்தவத்சலம். காமராஜர் வென்றார். வென்றவர் தோற்றவர்களை ஓரங்கட்டுவதுதான் வழக்கம். அவரோ எட்டே பேர் கொண்ட தம் அமைச்சரவையில் அந்த இருவருக்கும் இடம் கொடுத்தார். திறமை இருக்கிறது, மாகாணத்துக்குப் பயன்படட்டும் என்று நினைக்க, தன்னை விட நாட்டைப் பெரிதாக எண்ணும் மனம் வேண்டும். அவர் ஒன்பதாண்டு ஆட்சியில் பள்ளிக்கூடங்களும் மதிய உணவும் பரவியதில் அந்த இருவரின் உழைப்பும் கலந்திருக்கிறது.

3. பொதுப்பொருள் கைக்கு வரும்போது

நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க ஒருவரை அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபியவர்கள் மேடையேறி இதைக் கண்டித்தார்கள். தாய் தந்தை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. பதவியில் இருப்பவருக்கு வரும் எந்தப் பரிசையும் அளக்க இந்த ஒரு கேள்வி போதும். பிறந்தநாள் மாலையாக வரும் ரூபாய் நோட்டும், மகள் கல்யாணத்துக்கு ஒப்பந்தக்காரர் கட்டும் பந்தலும், ஆளுக்கா வருகின்றன, நாற்காலிக்கா?

காமராஜர் முதல்வராக இருந்தபோது விருதுநகரில் அவருடைய தாயார் வீட்டுக்குத் தனியாகக் குடிநீர்க் குழாய் போடப்பட்டதாகவும், தெருவில் எல்லோரும் பொதுக் குழாயில் பிடிக்கும்போது இங்கு மட்டும் எதற்கு என்று அதை எடுக்கச் செய்ததாகவும் சொல்வார்கள். பெற்ற தாய்க்கு ஒரு குடம் தண்ணீர் சலுகை. அதைக்கூட ஊர் கண்ணில் நியாயப்படுத்த முடியாது என்று அவர் கருதியிருக்கிறார்.

4. பந்தியில் அமரும்போது

இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1937 டிசம்பர் கடைசியில் நம் நீடாமங்கலத்தில் தென் தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அப்போது மாகாணத்தை ஆண்டதும் அதே கட்சிதான். மாநாட்டில் பொதுப் பந்தி. அதை நம்பி ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் சிலரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்களை அடித்து எழுப்பினார்கள். அதோடு விடவில்லை, பிறகு பிடித்துவைத்து மொட்டையடித்துச் சாணிப்பால் குடிக்கவைத்தார்கள். 'விடுதலை' ஏடு இக்கொடுமையை வெளிக்கொண்டுவந்ததால்தான் நாடு அறிந்தது.

மேடையில் சமத்துவம் பேசியவர்களுக்குப் பந்தலுக்குள் நடந்தது கேட்கவில்லையா? நம் ஊர் பெருமைப்பட முடியாத பக்கம் இது. ஆனாலும் மறக்கக் கூடாது. ஒரு தலைவர் எந்த மேடையில் என்ன பேசினார் என்பதைவிட, யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், யார் வீட்டுத் தண்ணீரைக் குடித்தார், தன் ஆட்கள் எளியவரை அவமதித்தபோது என்ன செய்தார் என்பதே அவர் குணம். நம் பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்ததும் வயலில் வேலை செய்பவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திப் பேசினால், அந்தக் கேள்வி நமக்கும்தான்.

5. பதவி போன பிறகு

மதுரை மாவட்டம் தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்த கக்கன், தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்து விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1957 முதல் 1967 வரை பத்தாண்டுகள் அமைச்சர். பொதுப்பணி, விவசாயம், உள்துறை என்று பெரிய துறைகள் அவர் கையில் இருந்தன. 1967 தேர்தலில் தோற்ற பிறகு பேருந்தில் பயணம் செய்தார், வாடகை வீட்டில் வாழ்ந்தார். நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் சேர்ந்தார். வேறொருவரைப் பார்க்க அங்கு வந்த முதல்வர் எம்.ஜி.ஆர்., கக்கன் இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய்ப் பார்த்து உதவிக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பரில் கக்கன் மறைந்தார். பத்தாண்டுகள் கஜானாவின் பக்கத்தில் இருந்தவர், வெளியே வரும்போது கையில் எதுவும் ஒட்டவில்லை.

அதே 1967-இல் காமராஜரும் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மக்கள் தீர்ப்பை ஏற்று நடந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவர்களை எதிர்த்து வாக்களித்தவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்பது நம் கருத்தல்ல. அரிசிப் பஞ்சமும் மொழிப் போராட்டமும் இருந்த காலம் அது. உள்துறை அமைச்சராக இருந்த கக்கனின் காவல்துறை மீது மக்களுக்குக் கோபம் இருந்தது. தனிமனிதக் குணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஆட்சியின் தவறுக்கு மக்கள் கணக்குக் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அந்தத் தீர்ப்பை வெறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்வதுதான் தலைவருக்குரிய பணிவு.

விரலை நம் பக்கம் திருப்புவோம்

இதுவரை தலைவர்களைப் பற்றிப் பேசினோம். அவர்களை இப்படி ஆக்குவதில் நம் பங்கு என்ன?

எங்கள் அறக்கட்டளையின் தவறு ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். ஆதரவற்ற பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்க ஒரு விழா வைத்தோம். காலை பத்து மணிக்கு வரச்சொல்லி, பயனாளிகளை முன்வரிசையில் உட்காரவைத்தோம். சிறப்பு விருந்தினராக ஓர் அரசியல் பிரமுகரை அழைத்திருந்தோம். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது, அவர் வரவில்லை. வாசலில் வைத்த பேனரில் அவர் படம் ஆளுயரம். எந்தச் சகோதரிகளுக்காக விழாவோ அவர்கள் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை.

ஒரு மணிக்குக் கிட்டத்தில் ஒரு சகோதரி எழுந்தார். "மெஷின நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன் அண்ணே, புள்ள பசியோட வந்துடும்" என்றார். "இன்னும் அஞ்சு நிமிஷம்மா, தலைவர் கோவில்வெண்ணி தாண்டிட்டாராம்" என்றோம். அவர் அமைதியாகக் கேட்டார்: "இது ஜகாத் காசுல வாங்கினதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் அவருக்காக நான் ஏன் காத்திருக்கணும்?"

எங்களிடம் பதில் இல்லை. அவர் போய்விட்டார். மறுநாள் வரவும் இல்லை. நாங்கள்தான் இயந்திரத்தை வேனில் ஏற்றி அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கினோம். தேநீர் கொடுத்து உபசரித்தார். முந்தைய நாள் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பிரமுகர் தாமதமாக வந்ததற்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் மூன்று மணி நேரம் ஏழைகளைக் காக்க வைக்கலாம் என்ற துணிச்சலை அவருக்குக் கொடுத்தவர்கள் யார்? ஆளுயரப் படம் வைத்தவர்கள் நாங்கள். வந்ததும் பொன்னாடைக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். தலைவர் தன்னைப் பெரியவராக எண்ணிக்கொண்டால் அந்த நோயைக் கொடுத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

அதற்குப் பிறகு நிர்வாகக் குழு கூடி, உதவிகளை விழா இல்லாமல் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, எந்த அரசியல் படமும் எங்கள் பொருளில் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. இந்த ஆண்டு அதற்கு ஒரு சோதனை வந்தது. மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகங்கள் முழுவதையும் தாமே தருவதாக ஒருவர் சொன்னார். அட்டையில் அவர் படம் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. குழுவில் கடும் விவாதம் நடந்தது. "படம் இருந்தா என்ன, புள்ளைங்க படிக்கட்டுமே" என்றவர்கள் கருத்திலும் நியாயம் இருந்தது. கடைசியில் வேண்டாம் என்றோம். விளைவு, சென்ற ஆண்டைவிடக் குறைவான பிள்ளைகளுக்கே கொடுக்க முடிந்தது. கிடைக்காத பெற்றோர் எங்களைக் கேட்டார்கள், கேட்பது அவர்கள் உரிமை. நேர்மைக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைச் சில நேரம் ஏழைப் பிள்ளைதான் கொடுக்க நேர்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறோம். குறைந்ததை ஈடுகட்டுவது வசதி படைத்த வாசகர்களின் கடமை.

இதைவிடப் பெரிய தவறு, வாக்குக்குப் பணம் வாங்குவது. 2016 மே மாதம் தமிழகம் முழுவதும் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது இரண்டு தொகுதிகளில் மட்டும் நடக்கவில்லை. ஒன்று அரவக்குறிச்சி, மற்றொன்று நமக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கும் தஞ்சாவூர். வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் பெருமளவில் விநியோகிக்கப்பட்டதாகத் தேர்தல் ஆணையம் அறிந்து, முதலில் தள்ளிவைத்தது, பிறகு தேர்தலையே ரத்து செய்தது. நவம்பர் 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. ஆறு மாதம் அந்த மக்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. பெரிய கோவிலாலும் நெல்லாலும் பெயர் பெற்ற தஞ்சாவூருக்கு இப்படியும் ஒரு பெயர் வந்தது.

கொடுப்பது மட்டும்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். வாக்குக்காக வாங்குவதும் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவிலும் இது தெளிவாக இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஓட்டுக்குக் காசு கொடுத்தவர் நம்மிடம் ஏன் பணிவாக இருக்க வேண்டும்? அவர் கணக்கில் அவர் நமக்குக் கடன்பட்டவர் அல்லர், விலை கொடுத்து வாங்கியவர். வாங்கிய பொருளிடம் யாரும் கைகட்டி நிற்பதில்லை. வாக்கும் ஓர் அமானிதம். அதை விற்றுவிட்டு, தலைவர் அமானிதம் பேணவில்லை என்று குறை சொல்லும் தகுதியை நாம் இழந்துவிடுகிறோம்.

நாம் செய்யக்கூடியவை

1. வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரத்தைப் படியுங்கள். உச்ச நீதிமன்றம் 2002, 2003 ஆண்டுகளில் அளித்த தீர்ப்புகளின் பயனாக, ஒவ்வொரு வேட்பாளரும் தம் மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைப் படிவம் 26-இல் அறிவிக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். வழக்கு என்றதும் ஒதுக்கிவிட வேண்டாம். மக்கள் போராட்டத்தில் கைதான வழக்கும் உண்டு, மோசடி வழக்கும் உண்டு. எது என்று பாருங்கள்.

2. கிராம சபைக்குப் போங்கள். சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. பெண்கள் வர வேண்டும், பேச வேண்டும். வராத நாற்காலிகளின் எண்ணிக்கைதான் தலைவரின் அலட்சியத்துக்கு உரம்.

3. கேள்வியை மரியாதையாகக் கேளுங்கள். தலைவரிடம் கண்ணியத்தை எதிர்பார்க்கும் நாம் ஏசிப் பேசுவதும், வாட்ஸ்அப்பில் அவர் குடும்பத்துப் பெண்களை இழிவுபடுத்தும் படங்களைப் பரப்புவதும் பெரும் பாவம். வாயால் பதில் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யலாம், முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

4. முறையற்ற சிபாரிசு கேட்காதீர்கள். வரிசையில் நிற்பவரைத் தாண்டி நம் பையனுக்கு வேலை வாங்கித்தரச் சொல்லும் நாம்தான், ரயில்வே கேட்டில் வரிசையைத் தாண்டும் காரை உருவாக்குகிறோம்.

5. நம் சமூகத்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரை ஆதரிக்காதீர்கள், பிற சமூகத்தவர் என்பதற்காக மட்டும் எதிர்க்காதீர்கள். மஞ்சேரி மக்கள் மொழியைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்ததை நினைவில் வையுங்கள்.

6. நல்லது செய்தவருக்கு நன்றி சொல்லுங்கள். தேர்தலில் தோற்ற நல்லவரின் வீட்டுக்கும் ஒருமுறை போய்வாருங்கள். கக்கனைப் போல் வாழ நினைப்பவர்களுக்கு அது ஆறுதல்.

வீட்டிலும் ஜமாஅத்திலும் பேசிப்பார்க்க

நம் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் அறக்கட்டளைகளிலும் கணக்குக் கேட்பவரை எப்படி நடத்துகிறோம்?

நம் பிள்ளைகளுக்கு எந்தத் தலைவரின் எந்தக் குணத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

கடந்த தேர்தலில் நாம் வாக்களித்தபோது மேலே சொன்ன ஐந்து இடங்களில் ஒன்றையாவது நினைத்துப் பார்த்தோமா?

இந்த இதழைப் படிக்கும் பிற சமயச் சகோதர சகோதரிகளும் உங்கள் வீடுகளில் இதைப் பேசிப்பாருங்கள். உங்கள் கருத்துகளை எங்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள், மாற்றுக்கருத்தையும் சொல்லுங்கள். நாங்கள் எடுத்த நோட்டுப் புத்தக முடிவு தவறு என்று நினைப்பவர்களின் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறோம்.

அடுத்தமுறை நாமெல்லாம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது, வரிசையைத் தாண்ட இடமிருந்தும் தாண்டாமல் பொறுத்து நிற்பவர் யார் என்று பார்ப்போம். அப்படிப்பட்டவரைத் தேடி வாக்களிப்போம். அதற்கு முன்னால், நாமும் அந்த வரிசையிலேயே நிற்போம், இன்ஷா அல்லாஹ்.